ஷாப் கிளாஸ்னா படிப்பு வராதவன் கிளாஸா சார்?

நான் படிப்பு ஆலோசனை சொல்ற கவுன்சிலர். போன சனிக்கிழமை என்கிட்ட டெட்ராய்ட் பக்கத்துல இருந்து நம்மூர் குடும்பம் ஒண்ணு வந்தாங்க. பையன் பத்தாவது. அடுத்த வருஷத்துக்கு பாடம் எடுக்கற ஃபார்ம் கையில இருக்கு, அதுல அப்பா பென்சில்ல அஞ்சு ஏபி, அதாவது ஸ்கூல்லயே எடுக்கற காலேஜ் அளவுப் பாடம், டிக் பண்ணிருக்கார், அதுக்கு கீழ பையன் பேனாவால அழுத்தி "டெக் சென்டர், அரை நாள், எலெக்ட்ரிக்கல்"னு எழுதிருக்கான், அதாவது பாதி நாள் தொழிற்பயிற்சி மையத்துல எலெக்ட்ரிக்கல் வேலை கத்துக்கணுமாம். அம்மா உட்கார்ந்ததுமே கண்ணு கலங்கி "இவ்ளோ தூரம் வந்தது இவன் வயர் இழுக்கறதுக்கா"ன்னாங்க. நானும் வழக்கம்போல டீயைக் குடுத்து, எல்லாம் சரியாயிடும்மானு ஆறுதல் சொல்லிட்டுதான் இருந்தேன். அப்பா மெதுவா "கைத்தொழில் சொல்லித் தர்ற ஷாப் கிளாஸெல்லாம் படிப்பு வராத பசங்க போற கிளாஸ்னு எங்க அண்ணன் சொன்னார்"னு ஆரம்பிச்சார் பாருங்க, எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு.

சார், உங்க அண்ணன் சொல்றது அவர் கண்டுபிடிச்சது இல்ல, எழுபது வருஷத்துப் பழைய சரக்கு. பழைய சாமான் கடையில வாங்கின 1958ஆம் வருஷ ஹைஸ்கூல் இயர்புக் ஒண்ணு என்கிட்ட இருக்கு, அதை எடுத்து மேஜை மேல விரிச்சேன். ஒவ்வொரு பிள்ளை போட்டோவுக்குக் கீழயும் காலேஜ் ப்ரெப், கமர்ஷியல், ஜெனரல்னு ஒரு முத்திரை. காலேஜ் ப்ரெப்னா லத்தீன், ஜியோமெட்ரி, இடுப்புல ஸ்லைடு ரூல்ங்கற கணக்குப் போடற அளவுகோல். கமர்ஷியல்னா டைப்ரைட்டிங், கிரெக் ஷார்ட்ஹேண்ட், புக் கீப்பிங், அந்தப் பக்கம் முழுக்க பொண்ணுங்க முகம்தான். பையன்னா ஷாப், பொண்ணுன்னா சமையல், தையல்னு ஹோம் எகனாமிக்ஸ், பேச்சே கிடையாது. காலைல கொடிக்கு முன்னாடி உறுதிமொழி, மணி அடிச்சா அடுத்த ரூம், இது எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா எந்த ரூமுக்குப் போறோம்ங்கறதை பாதி நேரம் அப்பாவோட வேலையும் தோலோட நிறமும்தான் முடிவு பண்ணுச்சு. அங்க ஒட்டின முத்திரைதான் சார், இன்னும் உரிஞ்சு வரல.

1957 அக்டோபர்ல ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விட்டதும் அமெரிக்கா ஆடிப்போச்சு, நம்ம பசங்க கணக்குல பின்தங்கிட்டாங்கனு ஒரே கூப்பாடு, அடுத்த செப்டம்பர்லயே ஜனாதிபதி ஐசனோவர் ஒரு கல்விச் சட்டத்துல கையெழுத்துப் போட்டு கணக்கு, சயின்ஸ், வெளிநாட்டு மொழிக்கெல்லாம் பணத்தைக் கொட்டினார். அதுல அஞ்சாவது பகுதி ஸ்கூல் கவுன்சிலர்களுக்கு. கெட்டிக்காரப் பிள்ளைகளை டெஸ்ட் வச்சு கண்டுபிடிச்சு காலேஜுக்குத் தள்ளி விடணும்னுதான் எங்க தொழிலையே ஊதிப் பெருசாக்கினாங்க, அதனால உங்க அண்ணன் மேல மட்டும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்ல. அதே சட்டத்துல எட்டாவது பகுதி டெக்னீஷியன் பயிற்சிக்குனு இருந்துச்சு. அதை எத்தனை பேர் ஞாபகம் வச்சிருக்காங்க சொல்லுங்க?

அடுத்த வருஷம், 1959ல, ஹார்வர்டு தலைவரா இருந்த ஜேம்ஸ் கோனன்ட் நாடு முழுக்க ஹைஸ்கூல்களைப் பார்த்துட்டு அறிக்கை குடுத்தார். இப்படி முத்திரை குத்திப் பிரிக்காதீங்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா பாடத்திட்டம் போடுங்கங்கறது அதுல ஒண்ணு. நாலு வருஷம் கணக்கு, நாலு வருஷம் வெளிநாட்டு மொழி, மூணு வருஷம் சயின்ஸ்னு அவர் சொன்ன கடுமையான திட்டம் படிப்புல மேல இருக்கற 15 சதவீதத்துக்குத்தான். நீங்க ஒரே வருஷத்துல அஞ்சு ஏபி போடறீங்க. ஏபியே 1955ல காலேஜ் போர்டு கைக்கு வந்தப்போ ஒரு சில ஸ்கூல்ல ஒரு சில பசங்களுக்கான ஏற்பாடு, இப்போ அது நம்ம வீடுகள்ல மொய்ப்பணம் மாதிரி ஆயிடுச்சு, அவங்க அஞ்சு வச்சா நாம ஆறு வைக்கணும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், மெடிசின் பத்தியெல்லாம் நான் பேசப் போறதில்ல, அதைச் சொல்ல உங்க சொந்தக்காரங்க இருக்காங்க. பையன் எழுதினதைப் பார்ப்போம்.

பதினோராவது, பன்னெண்டாவது ரெண்டு வருஷமும் அரை நாள் ஸ்கூல், அரை நாள் டெக் சென்டர். ஹைஸ்கூல் முடிச்ச டிப்ளமா கையில வந்து 18 வயசும் ஆச்சுனா எலெக்ட்ரீஷியன் அப்ரென்டிஸ்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாம். எலெக்ட்ரீஷியன் யூனியன் வழியா போனா நுழைவுத் தேர்வுல ரெண்டே பகுதி, ஒண்ணு அல்ஜீப்ரா, இன்னொண்ணு படிச்சுப் புரிஞ்சுக்கறது. தேறினா அஞ்சு வருஷம், 8,000 மணி நேரம் சைட் வேலை, கூடவே கிளாஸ், முதல் நாள்ல இருந்தே சம்பளம், வேலை கத்துக்கக் கத்துக்க அது படிப்படியா ஏறும். 2023 கணக்குப்படி இந்த நாட்டு எலெக்ட்ரீஷியன்கள்ல பாதிப் பேர் வருஷத்துக்கு 61,590 டாலருக்கு மேல சம்பாதிச்சாங்க. முட்டி வலிக்கும், ஆகஸ்ட் வெயில்ல மொட்டை மாடில நிக்கணும், அதையும் பையன் முன்னாடியேதான் சொன்னேன்.

அப்பா அப்பவும் முறைச்சுக்கிட்டேதான் இருந்தார். நான் பையன்கிட்ட "வயர் போற பைப்பை எப்படி வளைப்பே தம்பி"னு கேட்டேன். அது வரைக்கும் வாயே திறக்காதவன் பேப்பரை இழுத்து வச்சு வரைய ஆரம்பிச்சுட்டான். சுவத்துல மூணு இன்ச் துருத்திக்கிட்டு இருக்கற பெட்டியைத் தாண்டி பைப் போகணும்னா ரெண்டு எடத்துல 30 டிகிரி வளைக்கணும், மூணை ரெண்டால பெருக்கி ஆறு இன்ச் இடைவெளியில மார்க் போடணும், அதுவே 45 டிகிரின்னா 1.4ஆல பெருக்கணும், இதெல்லாம் வீடியோ பார்த்தே கத்துக்கிட்டேன்னான். அப்பா மெக்கானிக்கல் இன்ஜினியர். பேப்பரையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு "இது கோசீகன்ட்டுடா"ன்னார். அது ட்ரிக்னாமெட்ரில வர்ற பேரு. அவனுக்கு அந்தப் பேரு தெரியல, ஆனா கணக்கு தெரியுது.

காசு விஷயத்துல மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். பெரிய பேர் இருக்கற பிரைவேட் யூனிவர்சிட்டி பலதுல முழுச் செலவு வருஷத்துக்கு 80,000 டாலரைத் தாண்டியாச்சு, அதுக்காக வீட்டை வச்சு லோன் எடுக்கப் போறேன்னு அப்பா சொன்னார். பையன் கேட்காத படிப்புக்கு வீட்டை அடகு வைக்காதீங்க சார், பின்னாடி அவன் மனசு மாறி இன்ஜினியரிங் படிக்கணும்னு வந்தா உள்ளூர் ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ் வழியா போகலாம், அதுக்கு வேண்டிய கணக்கு கையில இருந்தாப் போதும்.

அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்க வேண்டிய ஃபார்ம்ல அஞ்சு ஏபியை அழிச்சுட்டு அவனுக்குப் பிடிச்ச ஏதாவது ஒண்ணை மட்டும் விடுங்க. அல்ஜீப்ரா டூவையும் பிசிக்ஸையும் தொடக் கூடாது, இது தம்பிக்கும் சேர்த்துதான் சொல்றேன். டெக் சென்டர் வரி அப்படியே இருக்கட்டும். கலிஃபோர்னியா பெரியப்பாவுக்கு யார் சொல்றதுன்னு அம்மா கேட்டாங்க. நம்பர் குடுங்க, நானே பேசறேன்.