கீறல் விழுந்த சிடி பாதியில் நின்றுவிடுகிறது, சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் சிடியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே தகவல் அடுக்கே உரிந்துவிட்டது, எதைத் தேய்த்தாலும் திரும்பாது. நாமெல்லாம் பளபளக்கும் அடிப்பக்கத்தையே பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். உண்மையில் சிடியில் தகவல் இருப்பது பெயர் அச்சடித்த மேல்பக்கத்தை ஒட்டி. அடியில் இருப்பது சுமார் 1.2 மி.மீ. தடிமனுள்ள பாலிகார்பனேட். அதில் விழுந்த கீறல் லேசரை வழிதவறச் செய்கிறது, அவ்வளவுதான்.

பல நேரம் குற்றவாளி கீறலே இல்லை, விரல் பிசுக்கு. தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிதாக விழும் கீறல், தகவல் சுற்றிச் சுற்றிப் பதிந்திருக்கும் தடத்தோடே ஓடும். பிளேயரின் பிழைதிருத்தம் தடத்தில் சுமார் 2.5 மி.மீ. வரையிலான சேதத்தைத்தான் முழுசாகச் சரிக்கட்டும். குறுக்குக் கீறலை எளிதில் தாண்டிவிடும்.

சரி, அப்படியும் ஓடவில்லையா? வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். கடைசியாகத்தான் பற்பசை. ஜெல் இல்லாத வெள்ளைப் பசையை, இதையும் நடுவிலிருந்து வெளியே, அழுத்தாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். மேலோட்டமான கீறலுக்கு மட்டுமே இது உதவும். புளூ-ரே என்றால் தொடவே வேண்டாம். அதில் லேசர் பக்கம் தகவலுக்கு மேல் இருப்பது வெறும் 0.1 மி.மீ. படலம்.

ஒருமுறை ஓடிவிட்டால், பாட்டை ரசிப்பது அப்புறம். உடனே கணினியில் நகலெடுத்துவிடுங்கள்.