லினக்ஸில் பிரிண்டர் மக்கர் செய்கிறதா? வடசென்னை நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

பிரிண்டர் மக்கர் செய்ததும் நம்ம பக்கத்தில் பலர் முதலில் டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். எங்கே சிக்கியது என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கை வைப்போம்.

வண்ணாரப்பேட்டை, ஜெராக்ஸ் கடை: அண்ணே, கடையில் உபுண்டு லினக்ஸ். கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் ஆன் ஆகுது, பேப்பர் வரலை. கொடுத்ததெல்லாம் வரிசையில் நிக்குது. சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்தும் அப்படியே இருக்கு.

பிரிண்டரில் கோளாறு இல்லை தம்பி. உங்கள் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடும், பிரிண்டர் நேர் கரண்டில் இருக்கும். பாதி அச்சில் பிரிண்டர் அணைந்ததும் கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்திவிடுகிறது. இந்த நிறுத்தம் டிஸ்கில் பதிவாகிவிடும், அதனால்தான் ரீஸ்டார்ட்டுக்கும் அசையவில்லை.

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 (localhost:631) என்ற முகவரியைத் திறந்து, பிரிண்டர்ஸ் பக்கத்தில் உங்கள் பிரிண்டரைச் சொடுக்குங்கள். 'பாஸ்டு', அதாவது நிறுத்தப்பட்டிருக்கிறது, என்று காட்டும். உடனே ஓடவிடாதீர்கள். காத்திருந்து அலுத்துப் போன வாடிக்கையாளர்களின் ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஓடவிட்டால் ஒருவர் காகிதம் இன்னொருவர் கைக்குப் போகும். தேவையில்லாததை கேன்சல் செய்துவிட்டு, மெயின்டெனன்ஸ் பட்டியலில் 'ரெஸ்யூம் பிரிண்டர்' கொடுங்கள்.

இனி இப்படி நிற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. அதே பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேஷன் பட்டியலில் 'செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ்' போய், பாலிசீஸ் பகுதியில் எரர் பாலிசியை, அதாவது தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்ற அமைப்பை, பாருங்கள். 'ஸ்டாப் பிரிண்டர்' என்று இருந்தால் 'ரீட்ரை ஜாப்' என்று மாற்றுங்கள். அப்புறம் கரண்ட் வந்ததும் கப்ஸ் தானே மறுபடி முயலும்.

அவரே மறுபடி: பாஸ்வேர்டு கேட்குதே அண்ணே?

நீங்கள் கம்ப்யூட்டரில் நுழையும் பெயரும் பாஸ்வேர்டும்தான். அப்படியும் 'ஃபர்பிடன்' (அனுமதி இல்லை) என்று வந்தால் உங்கள் கணக்கை, பிரிண்டர் அமைப்பை மாற்ற அனுமதி உள்ள எல்பிஅட்மின் (lpadmin) குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள்.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவி: செகண்ட் ஹேண்டில் எச்பி லேசர்ஜெட் 1020 வாங்கினோம். நன்றாக ஓடியது. உபுண்டுவை அப்கிரேடு செய்த பிறகு ஒரு பக்கம்கூட வரவில்லை.

அந்த மாடல் தன் ஃபர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் உள் மென்பொருளை, உள்ளே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை ஏற்றிவிட வேண்டும். அந்த வேலைக்கு எச்பி பிரிண்டர்களுக்கான எச்பிலிப் மென்பொருளோடு பிளகின் என்ற துணை மென்பொருளும் வேண்டும், இரண்டின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்கிரேடில் எச்பிலிப் புதிதாகிவிட்டது, பிளகின் பழையதாகவே நின்றுவிட்டது. டெர்மினலில் எச்பி-பிளகின் (hp-plugin) கட்டளையைக் கொடுத்தால் பொருத்தமானதை இறக்கிக்கொள்ளும். முடிந்ததும் பிரிண்டரை அணைத்துப் போடும்மா.

பாரிமுனை, ஹைகோர்ட் அருகே டைப்பிங் சென்டர்: வக்கீல்கள் அனுப்பும் தமிழ் மனுக்கள் சில கட்டம் கட்டமாக வருகின்றன, சில சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தாக வருகின்றன. பிரிண்டரை மாற்றலாமா?

வேண்டாம் சார், பணம் வீண். இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். கட்டம் வந்தால் தமிழ் ஃபாண்ட் இல்லை என்று பொருள். லோஹித் தமிழ் அல்லது நோட்டோ போடுங்கள். ஆங்கில எழுத்தாக வந்தால் அது வானவில், பாமினி போன்ற பழைய முறையில் தட்டச்சு செய்தது. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். அதே ஃபாண்டை நிறுவுங்கள், இல்லையென்றால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள்.

பிடிஎஃப்பாகக் கேட்டு வாங்குவது நல்லது, ஆனால் அதற்குள் ஃபாண்ட் பதிந்திருக்க வேண்டும். பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் (pdffonts) என்ற கட்டளை ஒவ்வொரு ஃபாண்டுக்கும் 'எம்ப்' (emb) என்ற பத்தியில் யெஸ், நோ என்று காட்டும்; யெஸ் என்றால் பதிந்திருக்கிறது. திரையில் சரியாகவும் காகிதத்தில் தவறாகவும் வந்தால், பிடிஎஃப் திறக்கும் ஓகுலர் மென்பொருளில் பக்கத்தைப் படமாக்கி அச்சிடும் வசதி உண்டு. கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து சிதையாது. மனுவில் ஒரு பெயர் பிழையாகப் போனால் அலைவது பாவப்பட்ட மனிதர்தான், அதனால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

திருவொற்றியூர், ஆசிரியை: கேள்வித்தாளின் ஓரம் வெட்டுப்படுகிறது.

பக்க அளவு 'லெட்டர்' என்று இருக்கும் டீச்சர். அது 216 × 279 மில்லிமீட்டர், நம்ம ஏ4 210 × 297. லிப்ரே ஆபீஸிலும் கப்ஸிலும் இரண்டு இடத்திலும் ஏ4 ஆக்குங்கள்.

பெரம்பூர்: வைஃபை பிரிண்டர் சில நாள் கிடைக்கிறது, சில நாள் காணோம்.

ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண், கொடுத்திருக்கும். ரவுட்டர் அமைப்பில் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிடுங்கள். கெஸ்ட் வைஃபையில் மட்டும் இணைக்காதீர்கள்.

காசிமேடு: புதிதாக வாங்கப் போகிறேன் அண்ணா. பழைய கேனன் எல்பிபி 2900 மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

லினக்ஸுக்கு என்றால் வேண்டாம். அது கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியில் பேசும். கேனன் தந்த லினக்ஸ் டிரைவருக்கு 32 பிட் லைப்ரரிகள் வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டிலும் போராட்டம்தான். பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' என்று போட்டிருக்கும் மாடலாக வாங்குங்கள், தனி டிரைவர் இல்லாமலே கப்ஸ் அதோடு பேசிவிடும். அப்புறம், கடற்காற்றில் பேப்பர் சீக்கிரம் நமத்துப்போய் உள்ளே சிக்கும். கட்டைப் பிரித்தால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் டிரேயில் வைத்து, மீதியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள்.