பெல்லோத்தோவின் ஜன்னல்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய ஓவியர் பெர்னார்தோ பெல்லோத்தோ 1777-ல் வரைந்த, போலந்தின் வார்சா நகரத்து மியோதோவா தெருவைச் சிறுவயதில் ஒரு பழைய காலண்டரில் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தத் தெரு என்னை விட்டுப் போகவில்லை. இப்போது ஓர் ஓவியரிடம் கையால் நகல் வரைந்து தரக் கேட்டிருக்கிறேன். 45 செ.மீ. அகலம். அதற்குள் ஆட்களையும் ஜன்னல்களையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார். வானத்தைப் பளிச்சென்ற நீலமாக்கினால் சுவருக்கு எடுப்பாக இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நண்பர்களோ, நகலுக்கா இவ்வளவு பணம், பிரின்ட் போதாதா என்று சிரிக்கிறார்கள். நகலை மாட்டுவது கௌரவக் குறைச்சலா? விலையைக் குறைத்துக் கேட்கலாமா? ஆயிலா, அக்ரிலிக்கா? எந்த மாதிரி ஃபிரேம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஃபிரேம் உங்கள் இஷ்டம். ஆயிலா அக்ரிலிக்கா என்பதை வரைபவரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுங்கள். கௌரவத்தைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், பெல்லோத்தோவே நகல் போட்டவர் என்று சொல்லுங்கள். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் அரசருக்கு வரைந்த நகரக் காட்சிகளையே, அரசரின் அமைச்சர் ப்ரூல் பிரபுவுக்காகத் திரும்பவும் வரைந்து கொடுத்தார். அதற்கு முன் வெனிஸில், நகரக் காட்சிகளுக்குப் பேர்போன ஓவியரான தாய்மாமன் கனலெத்தோவின் பட்டறையில், மாமாவின் படங்களைப் பார்த்துப் போட்டுத்தான் தொழில் படித்தார்.

‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்’ என்ற வரிதான் என்னை உலுக்கிவிட்டது. சமீபத்தில் தெரிந்தவர் வீட்டில் ஒரு வெனிஸ் காட்சியின் நகலைப் பார்த்ததிலிருந்தே இந்த நினைப்பாக இருக்கிறேன். கால்வாய் இருந்தது, படகுகள் இருந்தன, ஓர் ஆள் இல்லை. கரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்து காபி குடிக்கவே பிடிக்கவில்லை.

வார்சாவுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துமா இதற்குச் சம்மதித்தீர்கள்? ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து 1944-ல் அங்கே நடந்த எழுச்சியை அடக்கிய பிறகு ஜெர்மானியப் படை அந்த நகரத்தைத் தெருத் தெருவாக எரித்தது, வெடி வைத்துத் தகர்த்தது. போருக்குப் பின் மக்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். போருக்கு முன்பே கட்டடக்கலை மாணவர்கள் அளந்து போட்டிருந்த வரைபடங்கள் தப்பிப் பிழைத்திருந்தன. அவற்றோடு புகைப்படங்களும் பெல்லோத்தோவின் ஓவியங்களும் கைகொடுத்தன. அப்படி எழுந்த பழைய நகரத்தை 1980-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பெல்லோத்தோ சில கட்டடங்களைத் தன் ரசனைக்குத் திருத்தி வரைந்தவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஜன்னல் மேல் விளிம்பு, கூரைச் சரிவு, வாசல் வளைவு என்று யாரும் கேட்காததையெல்லாம் அவர் விடாமல் வரைந்திருந்தார். எது பின்னால் உதவும் என்று 1777-ல் யாருக்குத் தெரியும்? உங்கள் ஓவியருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நகரக் காட்சிகளை நகலெடுக்கும் ஒரு நண்பர் எனக்கு உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வானத்தை முடித்துக் காயவிட்டு, ஒரு நீளக் கட்டடத்தின் முகப்பை எடுத்துக்கொண்டார். பூதக்கண்ணாடி வைத்து முதலில் ஜன்னல்களை எண்ணினார். தூரம் போகப் போக ஜன்னல் ஒடுங்கும், இரண்டு ஜன்னலுக்கு நடுவிலுள்ள சுவரும் ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகுதான் சன்னமான பிரஷைத் தொட்டார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் கட்டைக்குக் கீழே ஒரு நிழல் கோடு, பக்கவாட்டில் ஒரு வெளிச்சக் கோடு. வரிசையில் நாலைந்தை விட்டால் என்ன என்று கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். மிச்ச ஜன்னல்களை இழுத்துப் பரப்ப வேண்டியிருந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த தெரு சட்டென்று நின்று, நேரே ஒரு சுவராக எழுந்துவிட்டது.

ஆட்களும் அப்படித்தான். தூரத்து ஆள் விரல்நுனி அளவு சிறுத்திருப்பதால்தான் கட்டடத்தின் உயரம் நமக்குத் தெரிகிறது. ட்ரெஸ்டனில் பிரஷ்யக் குண்டுகளுக்கு இரையான சிலுவைத் தேவாலயத்தின் இடிபாட்டை 1765-ல் பெல்லோத்தோ வரைந்தபோது, அதன் மேல் நிற்கும் வேலையாட்களைக்கூட விடவில்லை. அவர்களை எடுத்துவிட்டால் அது வெறும் செங்கல் குவியல்.

இதில் ஓவியர்மேல் பழி போடாதீர்கள். தவறு உங்களுடையது. மூலமே ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிய அகலம். அதைப் பாதிக்கும் கீழே சுருக்கிக் கேட்டால் பாவம் அவர் என்ன செய்வார்? மூல அளவிலேயே கேளுங்கள். சுவரில் இடமில்லையா? தெருவின் ஒரு பாதியை மட்டும் முழு அளவில் வரையச் சொல்லுங்கள். அதில் எதையும் விடக் கூடாது, அவ்வளவுதான்.

நீல வானம் வேண்டவே வேண்டாம். மாமாவிடமிருந்து பெல்லோத்தோ பிரிவதே அந்தக் குளிர்ந்த, வெள்ளி பூத்த வெளிச்சத்தில்தான். சுவருக்கு எடுப்பு வேண்டுமானால் சுவருக்கு வேறு பெயின்ட் அடியுங்கள். இவ்வளவு ஆண்டுகளாக அந்தத் தெருவை மனதில் வைத்திருந்தவர், வீட்டுக்குள் வரும்போது அதை இப்படி அவமதிக்கலாமா?

பிரின்ட் வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் கேன்வாஸில் பிரின்ட் அடித்து, மேலே பிரஷை ஓட்டிக் கைவேலை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள், வண்ணத்துக்கு அடியில் அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக விலை. ப்ரூல் பிரபு 1763-ல் இறந்தார். அவருக்காக வரைந்த படங்களுக்கான பணம் பெல்லோத்தோவின் கைக்கு வரவே இல்லை. படங்கள் பின்னால் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்கப்பட்டன. உங்கள் ஓவியரிடம் பேரம் பேசாதீர்கள். முதலில் ஒரே ஒரு முகப்பை மட்டும் சோதனைக்கு வரைந்து காட்டச் சொல்லுங்கள், அதற்கும் தனியாகக் காசு கொடுங்கள். வந்ததும் ஜன்னல்களை எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.