பணம் இருந்தாலும் சில ஸ்போர்ட்ஸ் கார்களை ஏன் வாங்க முடியாது?

ஒதுக்கீடு என்ற முறைதான் காரணம். நிறுவனம் எண்ணித் தயாரிக்கும் கார்களை யாருக்குக் கொடுப்பது என்று அதுவே தேர்ந்தெடுப்பதுதான் ஒதுக்கீடு. நம் தெரு மீன்காரம்மா, கூடையில் மிஞ்சிய ஒரே வஞ்சிரத்தை வாடிக்கை வீட்டுக்கென்று ஐஸுக்கடியில் எடுத்து வைப்பாரே, அதே கணக்குதான்.

2016-ல் ஃபோர்டு ஜிடி காருக்கு நடந்ததைப் பாருங்கள். முதலில் ஒதுக்கியது 500 கார்கள். வந்த விண்ணப்பங்களோ 6,506. ஏற்கெனவே ஃபோர்டு கார் வைத்திருக்கிறீர்களா, இதை ஓட்டுவீர்களா, பூட்டி வைப்பீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. காரைச் செய்ததே ஓட்டத்தானே!

இப்படியெல்லாம் கேட்கக் காரணம் மறுவிற்பனை. கார் அரிதானால், வாங்கிய கையோடு லாபத்துக்குத் தள்ளிவிடத் தோன்றும். அதனால் இரண்டு ஆண்டுகள் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். மல்யுத்த வீரர் ஜான் சீனா சில வாரங்களிலேயே விற்றுவிட, 2017-ல் ஃபோர்டு வழக்குப் போட்டது, 2018-ல் சமரசமானது.

ஃபெராரியும் லாஃபெராரி என்ற தன் மாடலில் 499 கார்களைப் பெரும்பாலும் பழைய வாடிக்கையாளர்களுக்கே கொடுத்தது.

முந்திக்கொண்டு பதிவு செய்தால் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஃபோர்டு ஒரு மாதம் விண்ணப்பம் வாங்கிய பிறகே ஆட்களைத் தேர்ந்தெடுத்தது.