கூரை தாங்கும் பனைமரச் சட்டமான பனங்கையிலிருந்து தூள் கொட்டுகிறது, இரவில் கட்டெறும்பு ஓடுகிறது. மரத்தைத் தின்றுவிடுமா?

தேவிபட்டினத்து ஓட்டு வீடு, பனங்கை சுவரில் இறங்கும் இடத்தில் தூள், ஸ்பிரே அடித்தும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

கட்டெறும்பு மரத்தைத் தின்னாது. குடைந்து குடியிருக்கும், குடைந்ததை வெளியே தள்ளும். தூளை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். சிம்பு சிம்பாக, நடுவே செத்த பூச்சியின் காலும் இறக்கையும் கிடந்தால் கட்டெறும்பு. மைதா போல நைசாக இருந்து, மரத்தில் ஊசித்துளை தெரிந்தால் உளு வண்டு. சுவரில் மண்பூச்சு ஏறியிருந்தால் கறையான். அதற்கு வைத்தியமே வேறு.

நம் பக்கத்துக் கட்டெறும்பு பெரும்பாலும் வேம்பு, வேலிக்கருவை வேரடி மண்ணில்தான் புற்று வைக்கும். வைரம் பாய்ந்த பனையைக் குடைவது அதற்குப் பெரும்பாடு. ஓடு விலகி ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கிய இடம், உப்புப் பூத்த சுவருக்குள் புதைந்து ஈரம் காயாத கைமுனை, இப்படி இற்ற மரத்தில்தான் நுழையும். எனவே முதலில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதுக்கென்று இறங்கினால் முட்டுக் கொடுத்து, அந்தப் பகுதியை அறுத்து மாற்ற வேண்டியதுதான். வார்னிஷ் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

எறும்புக்கு: 100 மில்லி வெந்நீர், 10 கிராம் சீனி, 1 கிராம் போரிக் ஆசிட். மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பதில் கேரம் பவுடர் வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கிறதோ! பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட டப்பாவுக்குள் போட்டு, வரிசை ஓடும் வழியில் வையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை மாற்றி, மூன்று வாரமாவது விடாமல் வைக்கவும். வேகமாகச் சாகட்டும் என்று போரிக்கைக் கூட்டினால் தின்ற எறும்பு வழியிலேயே செத்துவிடும். ராணிக்கும் புழுக்களுக்கும் ஊட்ட ஆளிருக்காது. ஸ்பிரே செய்ததும் இதைத்தான். அந்த வாடை இருக்கும் இடத்தில் சீனித்தண்ணீரையும் தொடாது, துடைத்துவிட்டு வையுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் வரிசையில் ஒரு சொட்டு கருப்பட்டிப் பாகு விட்டு, வயிறு புடைத்துத் திரும்பும் எறும்பை டார்ச்சோடு பின்தொடருங்கள். கூரையில் இருப்பது கிளைக்கூடாக இருக்கலாம். ராணி வெளியே மரத்தடியில் இருக்கும். கூரையைத் தொடும் கிளையையும் துணிக்கொடியையும் எடுத்துவிடுங்கள். முருங்கையில் அசுவினி இருந்தால் சோப்புக் கரைசல் அடியுங்கள். அதன் இனிப்புக் கழிவுக்காகவே எறும்பு அங்கே நடமாடும்.

டப்பா கோழிக்கும் குழந்தைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.