பின்னணி வேலை எவ்வளவு முடிந்தது? – கேள்வி பதில்

ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்), செலரி (நேரமெடுக்கும் வேலைகளைப் பின்னணியில் ஓட்டும் கருவி), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) வைத்து ஒரு தளம் நடத்துகிறோம். பயனர் 40,000 வரி உள்ள எக்செல் கோப்பை ஏற்றுகிறார். ஒவ்வொரு வரி முடிந்ததும், வேலைகளின் நிலையை வைக்கும் ஜாப் டேபிளில் எண்ணிக்கையைக் கூட்டுகிறேன். திரையில் நெடுநேரம் 0%, அப்புறம் திடீரென்று 100%. எங்கே தப்பு?

லூப் முழுவதும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்று மொத்தமும் பதிவாகும், இல்லையென்றால் எதுவுமே பதிவாகாத தொகுப்பு) ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். அநேகமாக அதுதான். கமிட் ஆகாத, அதாவது இன்னும் உறுதியாகப் பதிவாகாத மாற்றத்தை போஸ்ட்கிரெஸ் வேறு இணைப்புக்குக் காட்டாது. வொர்க்கர் (வேலையைச் செய்யும் பின்னணி புரோகிராம்) 12,000 என்று எழுதியிருந்தாலும், பக்கம் வந்து கேட்கும்போது பழைய 0-தான் கிடைக்கும். கடைசியில் கமிட் ஆனதும் மொத்தமும் ஒரேயடியாகத் தெரிகிறது.

பாதியில் பிழை வந்தால் எல்லா வரிகளும் பின்வாங்க வேண்டும் என்பதற்காக டிரான்சாக்ஷன் வைத்திருந்தால் அதை உடைக்காதீர்கள். எண்ணிக்கையை மட்டும் ரெடிஸில் (மெமரியில் தகவலை வைக்கும் வேகமான சேமிப்பு) எழுதுங்கள். அது உடனுக்குடன் தெரியும். ஆனால் ஒரு கவனம் வேண்டும். 70 சதவீதத்தில் வேலை தோற்றால் டேட்டாபேஸில் ஒரு வரிகூட இருக்காது, ரெடிஸில் 70 அப்படியே நிற்கும். அந்த இடத்தில் ‘தோல்வி, எதுவும் ஏறவில்லை’ என்று எழுதியே ஆக வேண்டும். முக்கால்வாசி ஏறிவிட்டது என்று பயனர் நம்பினால், மீதி வரிகளை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றப் போவார்.

பாதி ஏறினாலும் பரவாயில்லை என்ற வேலையானால் 400 வரிக்கு ஒருமுறை கமிட் செய்யுங்கள், ரெடிஸே தேவையில்லை. எப்படியிருந்தாலும் வரிக்கு வரி எண்ணிக்கையை எழுத வேண்டாம். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு அப்டேட்டும் ஜாப் டேபிளில் உள்ள அந்த வேலையின் பதிவுக்குப் புதுப் பிரதி ஒன்றை உண்டாக்கும். பழையவை குப்பையாகச் சேரும். உங்கள் கணக்குக்கு 400 வரிக்கு ஒருமுறை எழுதினால் 1% வீதம் நகரும். அது போதும்.

நிலையைத் திரைக்குக் கொண்டுவர போலிங்கா (பக்கம் திரும்பத் திரும்பக் கேட்பது), எஸ்எஸ்இ-யா (சர்வர் தானாக அனுப்புவது), வெப்சாக்கெட்டா (இரு பக்கமும் பேசும் இணைப்பு)?

பெரும்பாலான தளங்களுக்கு 2 வினாடிக்கு ஒருமுறை கேட்கும் போலிங்கே போதும். வேலையை ஏற்றுக்கொண்டதும் 202 (‘ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடியவில்லை’ என்று பொருள்படும் எச்டிடிபி எண்) என்ற பதிலோடு நிலையைப் பார்க்கும் முகவரியையும் அனுப்புங்கள். பக்கம் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளும்.

தகவல் சர்வரிலிருந்து ஒரு பக்கமாகத்தான் வருகிறது என்பதால் வெப்சாக்கெட் இதற்கு அதிகப்படி. எஸ்எஸ்இ பொருத்தமானது, இணைப்பு அறுந்தால் பிரவுசரே மறுபடி இணைத்துக்கொள்ளும். நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் அதன் பஃபரிங்கை (பதிலைச் சேர்த்துவைத்து அனுப்புவது) அந்த முகவரிக்கு மட்டும் நிறுத்துங்கள், இல்லையென்றால் செய்திகள் தேங்கி மொத்தமாக வந்து சேரலாம். எச்டிடிபி 1.1 என்றால் ஒரு டொமைனுக்குப் பிரவுசர் 6 இணைப்புதான் தரும். ஒரே தளத்தை ஏழு டேபில் திறந்து வைப்பவருக்கு ஏழாவது டேப் உறைந்து நிற்கும்.

சில வேலைகள் ‘பென்டிங்’ என்றே நாள்கணக்கில் காட்டுகின்றன.

செலரிக்குத் தெரியாத ஐடியைக் கொடுத்துக் கேட்டாலும் அது ‘பென்டிங்’ என்றுதான் சொல்லும். முடிவுகள் இயல்பாக ஒரு நாளில் அழிந்துவிடுவதால், நேற்று முன்தினம் நல்லபடியாக முடிந்த வேலைக்கும் இன்று அதே பதில் வரும். அதனால் வேலை, உரிமையாளர், நிலை, கடைசியாக நகர்ந்த நேரம் ஆகியவற்றை உங்கள் சொந்த டேபிளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி நேரம் மிக முக்கியம். மெமரி போதாமல் இயங்குதளம் வொர்க்கரைக் கொன்றுவிட்டால், ‘தோற்றேன்’ என்று எழுத அதற்கு அவகாசமே கிடைக்காது. ‘ஓடுகிறது’ என்ற நிலை அப்படியே நின்றுவிடும். வழக்கமாக 5 வினாடிக்கு ஒருமுறை நகரும் வேலை 2 நிமிடமாக அசையவில்லை என்றால் ‘நின்றுவிட்டது’ என்று திரையில் சொல்லிவிடுங்கள்.

பட்டை பின்னால் போய் மறுபடி 0-வில் தொடங்கினால் இன்னொரு காரணம் உண்டு. ரெடிஸை புரோக்கராக (வேலைகளை வரிசையில் வைத்து வொர்க்கர்களுக்குக் கொடுப்பது) வைத்து, வேலை முடிந்தபின் ஒப்புதல் தரும்படி அமைத்திருந்தால், 1 மணி நேரம் தாண்டியதும் அதே வேலை இன்னொரு வொர்க்கருக்குப் போய்விடும். அந்தக் கெடுவைக் கூட்டுங்கள், அல்லது வேலையைச் சிறு துண்டுகளாக உடையுங்கள். துண்டுகள் ஒரே நேரத்தில் ஓடினால், எண்ணிக்கையைப் படித்துக் கூட்டித் திரும்ப எழுதாமல் ஒரே படியில் எண்ணைக் கூட்டும் ரெடிஸின் இன்கர் (INCR) கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

99 சதவீதத்தில் ஐந்து நிமிடம் நிற்கிறது. பயனர்கள் திட்டுகிறார்கள்.

நியாயமான கோபம்தான். வரிகளை மட்டும் எண்ணிவிட்டு, கடைசியில் ஜிப் கட்டும் வேலையைக் கணக்கில் விட்டிருப்பீர்கள். சதவீதத்தை விட்டுவிட்டு ‘40,000 வரியும் முடிந்தது, இப்போது ஜிப் தயாராகிறது’ என்று எழுதிக் காட்டுங்கள். மொத்தம் எவ்வளவு என்றே தெரியாத கட்டத்துக்கு, எச்டிஎம்எல்லின் புரோகிரஸ் டேகில் மதிப்பைக் கொடுக்காமல் விட்டால் பிரவுசரே அளவில்லாத பட்டையைக் காட்டும். நேரத்தை வைத்துப் பட்டையைத் தானாக நகர்த்தும் வித்தை மட்டும் வேண்டாம். வேலை செத்த பிறகும் அது நகர்ந்துகொண்டிருக்கும்.

ஜாப் ஐடியை யூயூஐடி (ஊகிக்க முடியாத நீண்ட அடையாள எண்) ஆக்கிவிட்டால் அடுத்தவர் பார்க்க முடியாதுதானே?

ஊகிக்க முடியாது, அவ்வளவுதான். லிங்க்கை யாராவது பகிர்ந்தால் எவரும் பார்க்கலாம். நிலையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், கேட்பவர்தான் வேலையின் உரிமையாளரா என்று சரிபாருங்கள். முடிந்த கோப்பை இறக்கும் முகவரியிலும் அதே சோதனையை வையுங்கள்.