கத்தார் இருபது மடங்கா, இந்தியா மூன்றாவதா?

தம்பிக்கு,

என் மகன் தோஹா பக்கம் ராஸ் லஃபானில், கேஸைக் குளிர வைத்துக் கப்பலில் ஏற்றும் ஆலையில் வேலை பார்க்கிறான். ஒரு ரூமில் நாலு பேர். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வந்தது, தலைக்குக் கார்பன் விடுவதில் கத்தார் நம்மைப்போல் இருபது மடங்கு என்று. இன்னொன்றில் சீனா, அமெரிக்கா, அடுத்து இந்தியா. கத்தார் பேரே இல்லை. எது நிஜம்? என் மகன் அப்படி என்ன செய்துவிட்டான்?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

இரண்டும் நிஜம்தான், மகன் ஒன்றும் செய்யவில்லை.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் எல்லாம் சேர்த்து உலகம் வருடத்துக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு 3,700 கோடி டன் வாக்கில். அதில் சீனா மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது, அமெரிக்கா 13 சதவீதம் போல, நாம் 8. கத்தார் அரை சதவீதம்கூட இல்லை. அதையே தலைக்கு வகுத்தால் அமெரிக்கர் 14 டன், சீனர் 8, நாம் 2, கத்தார் 35-க்கு மேல்.

கல்யாணமான ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளியாக எண்ணுகிற புள்ளிக் கணக்கு ஆச்சிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கோயிலுக்குப் புள்ளி வரி போடும்போது வீடு எத்தனை என்றா பார்க்கிறார்கள்? ஒரே வளவு வீட்டுக்குள் எட்டுப் புள்ளி இருந்தால் எட்டு வரி. 'இந்தியா மூன்றாவது' என்பது வீட்டுக்கு வரி போடுகிற கணக்கு, 140 கோடிப் பேரும் ஒரு வீடு, 30 லட்சம் பேரும் ஒரு வீடு.

சரி, அந்த 35 எப்படி வந்தது? ஏசி, கடல்நீரைக் குடிநீராக்குவது எல்லாம் உண்டு. அதோடு உங்கள் மகன் இருக்கிற மாதிரி ஆலைகள். வாயுவை மைனஸ் 160 டிகிரி அளவுக்குக் குளிர வைத்தால்தான் திரவமாகி, 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பலில் ஏறும். அந்தக் குளிருக்காக அங்கேயே வாயுவை எரிக்கிறார்கள், அந்தப் புகை கத்தார் பேரில். கப்பல் குஜராத்தில் தஹேஜுக்கு வருகிறது (2004-இலிருந்தே வருகிறது), இங்கே எரிவது நம் பேரில். நடுவில் கப்பல் விடுகிற புகை யார் பேரிலும் இல்லை. சர்வதேசக் கப்பல், விமான எரிபொருளை ஐ.நா. கணக்கில் தனியாக எழுதி வைப்பார்களே தவிர எந்த நாட்டு மொத்தத்திலும் கூட்டுவதில்லை. இத்தனைக்கும் பிறகு வருகிற தொகையைத்தான், பெரும்பாலும் வெளிநாட்டு வேலைக்காரர்களாக இருக்கிற அந்த 30 லட்சம் பேருக்கும், உங்கள் மகனுக்கும் சேர்த்து, சமமாக வகுத்து விடுகிறார்கள்.

நம் ஊர் வீடுகளையே எடுங்கள். தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு, நிலைக்கண்ணாடி பெல்ஜியம். இன்றைய முறையில் எழுதினால் மரம் வெட்டியது பர்மா பற்றில், உலை எரித்தது பெல்ஜியம் பற்றில். காரைக்குடிப் பேரேட்டில் ஒரு வரிகூட ஏறாது. வாங்கி அனுபவிக்கிறவர் பேரில் எழுதும் முறையும் ஒன்று இருக்கிறது, அப்படிப் பார்த்தால் சீனாவின் தொகை இறங்கும், ஐரோப்பாவின் தொகை ஏறும்.

இந்தப் புகையால் வரும் சேதத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று வந்தால் நான் பழைய பாக்கியைத்தான் பார்ப்பேன். நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி பல நூற்றாண்டு காற்றிலேயே கிடக்கும். தொழிற்புரட்சியிலிருந்து கூட்டினால் அமெரிக்காவின் பங்கு கால்வாசி, நம்முடையது 4 சதவீதத்துக்குள். (மீத்தேனையும் சேர்த்தால் நம் நெல் வயலும் மாடும் உள்ளே வரும், தலைக்கு 2 என்பது 3-ஐ நெருங்கும். அந்தப் பட்டியலில் எந்த வாயு என்று போட்டிருந்ததா?)

ஆனால் வெளிநாட்டுக்காரரிடம் 'நாங்கள் வெறும் 2 டன்' என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சாக்கோட்டைப் பக்கம் கண்மாய்த் தண்ணீரை நம்பி நடவு போடுகிறவரையும், மூன்று ஏசி போட்டுக்கொண்டு பேரனைப் பார்க்க அமெரிக்காவுக்குப் பறக்கிற என்னையும் கூட்டி வகுத்த 2 அது.